நாணயத்தைக் கெடுப்பவர் யார்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறையொன்றில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். அவசரத்துக்கு வாஷர் கிடைக்காமல் ஒரு ரூபாய்க் காசின் நடுவில் துளை போட்டு மாட்டினாராம். அதைக் கண்ட மேஸ்திரி, "இதற்கு ஏழு வருஷம் ஜெயில், தெரியுமா?" என்று பயமுறுத்தினாராம். "நான் பாடுபட்டுச் சம்பாதித்த காசை நானே துளைத்தால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்? முடிச்சுக் காசென்றும் நெற்றிக் காசென்றும் ஊரெல்லாம் காசை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்கிறார்களே, அவர்களை யார் கேட்டார்கள்?" என்பது அவருடைய கேள்வி. கேள்வி சிறிதானாலும் அதற்குள் அடங்கியிருக்கும் சங்கதி பெரிதாகையால், தனிக் கடிதமாக எழுதாமல் பத்திரிகையிலேயே பதில் சொல்லுகின்றோம்.

முதலாவது, மேஸ்திரி சொன்னது பொய்யல்ல. 2011ம் வருஷத்து நாணயச் சட்டம் என்று ஒன்று இருக்கின்றது. 1906ம் வருஷம் வெள்ளைக்காரன் செய்து வைத்த சட்டத்தையும், அத்துடன் இன்னும் சில சில்லரைச் சட்டங்களையும் ரத்து செய்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். இதன் 12வது பிரிவின்படி எவரும் நாணயத்தை உருக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, கொடுக்கல் வாங்கலுக்கல்லாமல் வேறு காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாது, உருக்கின காசையோ சிதைத்த காசையோ கைவசம் வைத்திருக்கவும் கூடாது, அதிக விலைக்கு விற்பதற்கென்று தேவைக்கு மீறிச் சேர்த்து வைக்கவும் கூடாது. மீறினால் 13வது பிரிவின்படி ஏழு வருஷம் வரையில் சிறை, அபராதமும் உண்டு. இன்னொரு வேடிக்கையும் சொல்லிவிடுகின்றோம். இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு ரூபாய் நோட்டும் "நாணயம்"தான். மற்ற நோட்டுகளை ரிசர்வ் பாங்கி வெளியிடுகின்றது. ஒரு ரூபாய் நோட்டை மாத்திரம் இந்திய சர்க்காரே வெளியிடுகின்றது. ஆகையால் அதைக் கிழித்தவன் காசை அழித்தவனாகின்றான்!

ஆனால் சட்டம் பேசுவது செல்லுபடியாகும் காசைப்பற்றித்தான். நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011ம் வருஷம் ஜூன் 30ந் தேதியோடு செல்லாமற் போயின. ஆதலால் பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய அரையணாவைத் துளைத்து அரைஞாணில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தச் சட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

சரி, சொந்தக் காசைத் துளைப்பதில் சர்க்காருக்கு என்ன நஷ்டம் என்றால், நஷ்டம் உண்டு. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் 2018ல் வெளிவந்த கணக்குப்படி, ஒரு ரூபாய்க் காசொன்றை அடித்து வெளியே அனுப்ப 1 ரூபாய் 11 காசு செலவாகின்றது. இந்தச் செலவு எல்லோருடைய வரிப்பணம். ஒருவர் துளைத்தால் தெரியாது. வியாபாரமாகச் செய்தால் தெரியும். 2007ம் வருஷம் கல்கத்தாவில் சில்லரைக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. காசுகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து, எல்லை தாண்டி வங்காள தேசத்துக்குக் கடத்தி, க்ஷவர பிளேடு செய்கின்றார்கள் என்று அப்பொழுது வெளியாயிற்று. ஒரு ரூபாய்க் காசில் பல பிளேடு வருமென்றால் எந்தக் கடத்தல்காரன் விடுவான்? முன்பிருந்த தடித்த ஐந்து ரூபாய்க் காசில் 9 கிராம் செம்பும் நிக்கலும் இருந்தன. காசின் மதிப்பைவிட உலோகத்தின் மதிப்பு ஏறிவிட்டால் காசு கடைக்கு வராது, உலைக்குப் போகும். இது நம் காலத்துப் புதுச் சங்கதியுமல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கி உருக்க ஆரம்பித்தவுடன், 1940ல் பன்னிரண்டில் பதினொரு பங்காயிருந்த வெள்ளியைச் சரிபாதியாகக் குறைத்தார்கள். செம்புக்கும் முட்டுப்பாடு வந்து 1943ல் நடுவில் பெரிய துளையோடு ஒரு காசு அடித்தார்கள். அதுதான் நம் பெரியவர்கள் சொல்லும் ஓட்டைக் காலணா. வாஷருக்குப் பதிலாக அதை மாட்டியவர்களும் உண்டென்பார்கள். அம்பத்தூர்த் தோழர் எழுபத்தெட்டு, எண்பது வருஷத்துக்கு முன் பிறந்திருந்தால் துளை போடும் வேலையும் அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காசின் விளிம்பைச் சுரண்டித் தங்கமும் வெள்ளியும் சேர்த்தவர்களை ராஜத் துரோகிகளென்று கொன்றார்கள். காசின் ஓரத்தில் இன்றைக்கும் வரிவரியாகக் கீறல் இருக்கின்றதே, அது அழகுக்காக ஏற்பட்டதல்ல. சுரண்டினால் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது.

இதுவரையில் சர்க்கார் பக்கத்து நியாயம். நிற்க.

அமெரிக்க தேசத்துச் சட்டம் மோசக் கருத்தோடு காசைத் திருத்துகிறவனைத்தான் குற்றவாளி என்கின்றது. அங்கே காட்சிசாலைகளில் ஒரு யந்திரம் வைத்திருக்கின்றார்கள். காசைப் போட்டுப் பிடியைச் சுற்றினால், அது நசுங்கித் தகடாகி ஊரின் படத்தோடு வெளியே வரும். குழந்தைகள் ஆசையாக வாங்கிப் போவார்கள். ஜெயிலுமில்லை, அபராதமுமில்லை. நமது பழைய பீனல் கோடும் காசின் எடையைக் குறைப்பவனைப்பற்றிப் பேசுகையில் மோசக் கருத்து இருந்ததா என்றுதான் கேட்டது. 2024ம் வருஷம் ஜூலையில் அந்தக் கோடு போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாணயச் சட்டத்தின் 12வது பிரிவோ எண்ணத்தைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. மூட்டை மூட்டையாக உருக்கும் கடத்தல்காரனும், ஒரே ஒரு வாஷருக்குத் துளை போட்ட தொழிலாளியும் அதற்கு ஒன்றே.

"கொடுக்கல் வாங்கலுக்கல்லாமல் வேறு காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாது" என்ற வாசகத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். இதை எழுத்துக்கு எழுத்து நடத்துவதென்று ஒரு போலீஸ் அதிகாரி கிளம்பினால், பூந்தமல்லி சாலையில் எத்தனை வீடு மிஞ்சும்? பிள்ளைக்கு ஜுரமென்றால் திருவேற்காட்டுக்கோ மாங்காட்டுக்கோ நேர்ந்துகொண்டு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து பூஜை மாடத்தில் வைக்கின்றார்கள். கடைக்கால் தோண்டினால் காசு. நிலை வைத்தால் காசு. செத்தவன் நெற்றியிலும் ஒரு காசு. ரயில் காவேரிப் பாலத்தில் ஏறினவுடன் ஜன்னல் வழியாகக் காசு பறக்கின்றது. "அந்தக் காலத்தில் செம்புக் காசு போட்டால் தண்ணீர் சுத்தமாகும், நம் முன்னோர்கள் விஞ்ஞானம் அறிந்தவர்கள்" என்று இதற்கு இப்பொழுது ஒரு சமாதானம் கண்டுபிடித்திருக்கின்றார்கள். இன்றைய ஒரு ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகு. நூற்றுக்கு 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். அதில் செம்பு எங்கே இருக்கின்றது? எஃகைப் போட்டால் தண்ணீர் சுத்தமாகுமென்றால் வீட்டிலுள்ள கரண்டியைப் போட்டுவிட்டுப் போகலாமே.

இவர்களையெல்லாம் ஜெயிலில் போட வேண்டும் என்பது நமது கட்சியல்ல. ஒருவரையும் போடப் போவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஒரு காரியம் பக்தியென்ற பெயரில் நடந்தால் சட்டத்துக்குக் கண் தெரிவதில்லை, அதே காரியம் பட்டறையில் நடந்தால் மேஸ்திரிக்குக்கூடப் பிரிவு ஞாபகம் வருகின்றது என்பதைத்தான் சுட்டிக் காட்டுகின்றோம்.

உண்மையில் மோசக் கருத்தோடு காசைத் திருத்துகிறவர்கள் வேறே இருக்கின்றார்கள். "ரைஸ் புல்லிங்" என்ற பித்தலாட்டத்தைக் கேள்விப்படாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1818ம் வருஷத்தில் அடித்த காசென்றும், அதில் அனுமாரோ ராமர் பட்டாபிஷேகமோ இருக்கின்றதென்றும், இடி விழுந்ததால் அதற்கு அபூர்வ சக்தி வந்துவிட்டதென்றும், பக்கத்தில் அரிசியை வைத்தால் இழுக்குமென்றும், வெளிதேசத்து விஞ்ஞானிகள் கோடிக்கணக்காகக் கொடுத்து வாங்கக் காத்திருக்கின்றார்கள் என்றும் சொல்லுவார்கள். "பரீட்சைச் செலவு" என்று முதலில் சில லட்சம் கேட்பார்கள். அதோடு ஆளையும் காணோம், காசையும் காணோம். அந்தக் காசில் உள்ள அதிசயமெல்லாம் மறைத்து வைத்த ஒரு காந்தத் துண்டு. அரிசியில் உள்ள அதிசயம் இரும்புத் தூள். அவ்வளவே.

சரித்திரத்தையும் பார்ப்போம். அனுமாரும் ராமரும் போட்ட அந்தச் செப்புக் காசுகள் கம்பெனி வெளியிட்டவையல்ல. பிற்காலத்தில் யாரோ அச்சடித்து விற்றவை. சென்னையில் இருந்த கம்பெனி விஷ்ணு உருவம் போட்டு வராகன் அடித்தது வாஸ்தவம். ஆனால் அது தங்கக் காசு; அடித்தது பக்தியாலும் அல்ல. இந்தப் பக்கத்து ஜனங்கள் வாங்கிப் பழகின அச்சில் அடித்தால்தான் செல்லும் என்று வெள்ளைக்கார வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. சாமி படம் போட்ட காசுக்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கும் பழக்கத்தை அன்றைக்கு அவன் உபயோகித்துக்கொண்டான். இன்றைக்கு இந்த மோசக்காரர்கள் உபயோகித்துக்கொள்கின்றார்கள். நமது சர்க்காராவது ஒதுங்கி நின்றதா? 2012ம் வருஷம் பொறித்து வைஷ்ணவ தேவி உருவத்தோடு ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளை அடித்து வெளியிட்டது. அதைப் பெட்டியில் வைத்தால் லட்சுமி கடாட்சம் என்றும், லட்சக்கணக்கில் விலை போகுமென்றும் புரளி கிளம்பிற்று. 786 என்ற எண் முடியும் நோட்டுக்கும் இதே கதைதான். அதை வாங்க இந்துக்களும் போட்டி போடுகின்றார்கள். மோசத்தில் மாத்திரம் மத ஒற்றுமை நன்றாக நடக்கின்றது! பழைய காசும் நோட்டும் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் பாங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

இனி நோட்டுக்கு வருவோம். நோட்டில் பேனாவால் எழுதினால் செல்லாது என்று அடிக்கடி ஒரு வதந்தி கைபேசிகளில் சுற்றுகின்றது. அது பொய். எழுதின நோட்டும் செல்லும் என்று 2023 ஜனவரியில் சர்க்காரின் செய்தி இலாகாவே மறுத்திருக்கின்றது. எழுதாமலிருப்பது நல்லது, நோட்டின் ஆயுள் குறையும் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. மதத்தையோ அரசியலையோ பிரசாரம் செய்யும் வார்த்தையோ படமோ போட்ட நோட்டுக்குப் பணம் கேட்டால் மறுத்துவிட வேண்டுமென்று ரிசர்வ் பாங்கியின் 2009ம் வருஷத்து நோட்டு விதிகள் சொல்லுகின்றன. சாமி பெயர் எழுதினாலும் அதே கதி, கட்சிச் சின்னம் குத்தினாலும் அதே கதி. நம் வாலிபர்கள் சிலர் உற்சாக மிகுதியால் "கடவுள் இல்லை" என்று ரப்பர் முத்திரை செய்து நோட்டில் குத்தலாமா என்று கேட்டதுண்டு. இங்கிலாந்தில் 1913, 14ம் வருஷங்களில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்கள் வெண்கலப் பென்னியின்மேல், ராஜாவின் தலையிலேயே, தங்கள் கோரிக்கையைக் குத்தி உலாவ விட்டார்கள். அது ராஜாவைப் பார்த்துச் செய்த காரியம். நாம் குத்தும் நோட்டோ கடைசியில் ஒரு கூலிக்காரன் கையில் போய்ச் சேர்ந்து, பாங்கியில் மறுக்கப்பட்டு, அவனுடைய ஒரு நாள் சோற்றைக் கெடுக்கும். ஆகையால் வேண்டாம் என்கின்றோம். பிரசாரத்துக்குத் துண்டுப் பிரசுரம் இருக்கின்றது.

நோட்டு மாலையைப்பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோயமுத்தூர் காட்டூர் முத்துமாரியம்மன் கோயிலில் சித்திரை முதல் தேதியன்று அம்மனுக்கும் சுவருக்கும் கோடிக்கணக்கான ரூபாய் நோட்டுகளால் அலங்காரம் செய்வதை வருஷந்தோறும் பத்திரிகைகள் படம் போட்டு மகிழ்கின்றன. லட்சுமணபுரியில் 2010 மார்ச்சில் மாயாவதி அம்மையாருக்கு ஆயிரம் ரூபாய் நோட்டுகளால் பெரிய மாலை போட்டார்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவி என்ற முறையில் அந்த அம்மையாரிடம் நமக்கு மதிப்புண்டு. அந்த மாலையிடம் இல்லை. நம் பக்கத்தில் தாய்மாமன் சீரிலும், கல்யாண மாப்பிள்ளைக்கும், கட்சி மேடையிலும் இதே பைத்தியந்தான். மடித்து, ஊசி குத்தி, பசை போட்டு, நூலில் கோத்த நோட்டு எத்தனை நாள் உழைக்கும்? மாலை கட்டவும், பந்தலையும் வழிபாட்டு ஸ்தலங்களையும் அலங்கரிக்கவும், மனிதர்மேல் வாரி இறைக்கவும் நோட்டை உபயோகிக்க வேண்டாம் என்று ரிசர்வ் பாங்கி பல தடவை கேட்டுக்கொண்டிருக்கின்றது. கவனியுங்கள்: "கேட்டுக்கொண்டிருக்கின்றது." ஒரு ரூபாய்க் காசில் துளை போட்டவனுக்கு ஏழு வருஷம், கோடி ரூபாய் நோட்டில் மாலை கட்டினவனுக்கு ஒரு வேண்டுகோள்!

இந்தக் கிழிசலும் ஓட்டையும் கடைசியில் யார் தலையில் விழுகின்றது? மாலை போட்டவர் தலையில் அல்ல. ஆவடி மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாள் தலையில் விழுகின்றது. விடியற்காலை இருட்டில், கூட்டத்தில், எவனோ மடித்துக் கொடுத்த ஐம்பது ரூபாயைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மறுநாள் மொத்த வியாபாரி அதை வாங்கமாட்டான். டீக்கடைக்காரனும் வாங்கமாட்டான். கடைசியில் கிழிந்த நோட்டு மாற்றுபவனிடம் போவாள். அவன் ஐம்பதுக்கு நாற்பதோ முப்பதோ கொடுப்பான். முன்னாளில் சராப்புக்காரன் தேய்ந்த காசுக்கு வட்டம் பிடித்தான் அல்லவா? பெயர்தான் கமிஷன் என்று மாறியிருக்கின்றது. பத்து ரூபாய்க் காசின் கதையும் இதுவே. பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளக் காசு என்று யாரோ கிளப்பிவிட்டான். தமிழ்நாடு முழுவதும் வருஷக்கணக்காகக் கடைக்காரரும் பஸ் கண்டக்டர்களும் வாங்க மறுத்தார்கள். 14 வகை அச்சும் செல்லும் என்று 2018ம் வருஷம் ஜனவரி 17ந் தேதி ரிசர்வ் பாங்கி அறிக்கை விட்ட பிறகும் பிடிவாதம் தீரவில்லை. துளையும் போடாமல், உருக்கவும் செய்யாமல், வெறும் புரளியாலேயே நல்ல காசைச் செல்லாக் காசாக்கிவிட்டார்கள். நாணயத்தை இதைவிட யார் அதிகமாகக் கெடுத்தார்கள்?

ஆகவே இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து வைக்க வேண்டும். கிழிந்த, அழுக்கான நோட்டை எந்த பாங்கிக் கிளையிலும் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். அங்கே கணக்கு வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. இருபது ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள நோட்டில் பாதிக்கு மேற்பட்ட துண்டு ஒன்றாக இருந்தால் முழுத் தொகை. ஐம்பதும் அதற்கு மேலும் உள்ளவற்றில் பெரிய துண்டு நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40க்குக் குறையாமல் இருந்தால் பாதி, அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே வெட்டின நோட்டுக்கும் ஒன்றுமில்லை. 1934ம் வருஷத்து ரிசர்வ் பாங்கிச் சட்டத்தின் 28வது பிரிவு, கிழிந்த நோட்டுக்குப் பணம் கேட்க ஒருவருக்கும் உரிமை கிடையாது, தயவாகக் கொடுக்கப்படுவதே என்கின்றது. பிரஜையின் பணத்தைப் பிரஜைக்குக் கொடுப்பதில் தயவு எங்கிருந்து வந்தது என்பது நமக்கு விளங்கவில்லை. ஆனாலும் அந்தத் தயவுக்கு விதி எழுதியாகிவிட்டதால், விதிப்படி கேட்க நாம் கூச வேண்டியதில்லை.

குமாஸ்தா "ரிசர்வ் பாங்கிக்கே போ" என்று தட்டிக் கழித்தால் சண்டை போட வேண்டாம். அந்தக் கிளைக்கே ஒரு புகார் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் தக்க பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் ஓம்புட்ஸ்மன் என்ற அதிகாரிக்குக் காசு செலவில்லாமல் எழுதலாம். கீரைக்காரம்மாளுக்கு எழுத நேரமிராது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்களில் எழுதத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒரு காகிதக் கட்டோடு மார்க்கெட் வாசலில் உட்காருங்கள். எத்தனை நோட்டு வந்தது, எத்தனை மாறிற்று என்ற கணக்கை நமக்கு அனுப்பினால் பிரசுரிப்போம்.